டாக்டர் போர்டைக் கழற்றிய மாமா

நெய்வேலி, பிளாக் 21
18.2.2017

அன்பு மருமகள் ஜெப்ரினுக்கு, மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மாமா எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்னாடியே தெரியும். உனக்கு மெடிக்கல் சீட் கிடைத்த அன்றே ஷிஃப்ட் பஸ்ஸில் சொன்னேன், "இந்தப் புள்ள ஒரு பேப்பர்ல பெயிலாகி உட்காரும், அப்புறம் எழுந்துக்கும்"னு. பஸ்ஸே சாட்சி. எட்டாம் வகுப்பையே பலமுறை படித்து ஆராய்ந்தவன் நான்.

நீ போனை எடுக்காததால் இதை எழுதி, போட்டோ பிடித்து, உன் ரூம்மேட் லிடியாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். அவள்மேல் கோபப்படாதே. நேற்று அவள்தான் அழைத்து, "அங்கிள், பார்மகாலஜி போனதிலேர்ந்து சாப்பிடவே மாட்டேங்கிறா. நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதின்னு சொல்றா" என்றாள்.

அதனால் நேராகவே கேட்கிறேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? ஆமாம் என்றாலும் சொல். திட்ட மாட்டேன், மயங்கியும் விழ மாட்டேன்.

எங்கள் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டே இருக்கும். பம்பு விடாமல் இறைத்தால்தான் வேலை நடக்கும். அத்தனை பம்பும் என் பேச்சைக் கேட்டுத்தான் ஓடுகிறது, அது ஊரறிந்த விஷயம். உங்கள் ஹாஸ்டலில் மனசுக்கு எது பம்பு? லிடியாவைத் துருவித் துருவிக் கேட்டேன். ஒருத்தி பரீட்சைக்கு முன்னால் எல்லார் பக்கெட்டையும் தேய்த்துக் கழுவுவாளாம். இன்னொருத்தி பாத்ரூமில் கத்திப் பாடுவாளாம். நீ மட்டும் சிரித்துக்கொண்டே "ஒண்ணுமில்ல" என்கிறாயாம். அது எப்படி இறைக்கும்? எனக்குப் புரியவில்லை, விளக்கிச் சொல்.

உங்கள் வீட்டு கேட்டில் நான் மாட்டிய 'டாக்டர் ஜெப்ரின்' போர்டைக் கழற்றிவிட்டேன். முதல் வருஷமே மாட்டியிருக்கக் கூடாது. பிரஷர் மாத்திரைச் சீட்டோடு வந்து, போர்டு எங்கே என்று கேட்ட பக்கத்து வீட்டு வீரம்மாளிடம், "பெயிண்ட் இன்னும் காயலைங்க" என்றேன். மாட்டி இரண்டு வருஷமாகிறது, நம்பிவிட்டாள்.

உன் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. "பெயிலானா என்னடா, வரச்சொல்லு, மீன் கொழம்பு வைக்கிறேன்"னு சிரித்தாள்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன். மனநல டாக்டரிடம் சேர்ந்தே போவோம். அதுவரை லிடியா உன்னைத் தனியாக விட மாட்டாள், சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜெப்ரின், அம்மா சிரித்தாள் என்றது மட்டும் நானாகக் கட்டியது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று ஷிஃப்ட் முடிந்ததும் போய்ச் சொல்லப் போகிறேன். கத்துவாள். கத்தட்டும், அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நான் வந்து இறங்கும்போது நீ இருக்கணும், கண்ணு.

உன் மாமா
செல்வநாதன்