கூரையிலிருந்து விழும் என் களைப்பு

அக்டோபர் 4

கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே லெசெகோவின் கார் ஷெட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பையன். அந்த ஷெட்டைத்தான் ஸ்டுடியோ என்கிறான். டிசம்பர் கொண்டாட்டத்துக்கு எங்கள் தென்னாப்பிரிக்க ஆட்டத் தாளமான அமாபியானோவில் ஒரு பாட்டு. அவன், டிஜே இருவர், சாக்ஸபோன்காரர், பாடுவதற்கு நான். இத்தனை வருஷம் சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசை. இந்த மாதிரிப் பாட்டின் ஆரம்பத்தில் பண்ணினவர்கள் பெயரையெல்லாம் கூவுவார்கள்; ஒரு பாட்டிலாவது என் பெயரையும் கூவ வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பாடிய சரணமும் நானே எழுதியது.

எத்தனை முறை பாடியும் லெசெகோ உதட்டைப் பிதுக்கினான்.

"இட்டுமெலெங் அக்கா, உங்களுக்குப் பேரே 'சந்தோஷமா இரு'ன்னு வச்சிருக்காங்க. குரல்ல தேடினாலும் கிடைக்கலையே."

"காலைலேர்ந்து நின்னு பாரு, உனக்கும் கிடைக்காது."

செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்தேன். "யோ... கெ லாபிலே." அசந்துபோயிட்டேன் என்று வாய் தானாகச் சொன்னது. பதிவை அவன் நிறுத்தியிருக்கவில்லை.

அக்டோபர் 19

பாட்டைப் போட்டுக் காட்டினான். என் சரணம் இல்லை. தாளம் அதிர்ந்து நிற்கிற இடத்திலெல்லாம் என் 'கெ லாபிலே' பெருமூச்சு மட்டும். ஆரம்பத்தில் நாலு பெயர்களைக் கூவுகிறார்கள். என்னுடையது இல்லை.

"பாட்டுல நீங்க பாடலையேக்கா. பேசினதுதானே."

பாடலையாம். அப்போ அத்தனை நேரம் நான் பண்ணினது என்ன, இருமலா?

நவம்பர் 28

எங்கள் ஊர் மபோபானே முழுக்க அதே பாட்டு. டாக்சியில் காதைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 9

கடையிலும் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்க என் களைப்பே கூரை ஸ்பீக்கரிலிருந்து என் தலையில் விழுகிறது. பக்கத்துக் கல்லா பொன்ட்ஸோ கேட்கிறாள்: "யாருடி இவ, நம்மள மாதிரியே அலுத்துக்கறா?" சொல்லவில்லை. சொன்னால் நம்புவாளா?

டிசம்பர் 24

சோள மாவு, கோழி, பீர் என்று வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. பாட்டு ஓடும்போதே மின்வெட்டு. கல்லாவும் ஸ்பீக்கரும் ஒன்றாகச் செத்தன. வரிசையில் ஆடிக்கொண்டிருந்த சனங்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. தள்ளுவண்டியைத் தட்டித் தாளத்தைத் தாங்களே போட்டார்கள். என் பெருமூச்சு வர வேண்டிய இடம் வந்ததும் எல்லோரும் பழக்கத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"யோ... கெ லாபிலே" என்று நான் சொன்னேன். நடிப்பில்லை, நிஜமாகவே அசந்திருந்தேன்.

"அடிப்பாவி, நீயா?" என்றாள் பொன்ட்ஸோ.

திறந்த வாயை மூடவில்லை. லெசெகோ வெட்டின சரணத்தை முழுசாப் பாடினேன். ஜெனரேட்டர் எழும்பி, கூரையும் பாடத் தொடங்கியது. "அதை நிறுத்துங்கப்பா, இந்தம்மா பாடுதுல்ல" என்று வரிசையில் ஒரு குரல்.

சந்தோஷமா இருந்துச்சு. சும்மா சொல்லல.

டிசம்பர் 27

வேலை நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மேலாளர் எழுதிக் கேட்டார். "பாடினேன்" என்று எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் லெசெகோ வேலியோரம் நின்றான். அவன் அம்மா அந்த வரிசையில் இருந்திருக்கிறாள்.

"அக்கா, உங்க சரணத்தைச் சேர்த்துத் திரும்பப் பதிவு பண்ணலாம். உங்க பேரைத்தான் முதல்ல கூவுறோம். நாலு பேரும் வந்துட்டோம், வாங்க."

"தூங்கி எழுந்து வர்றேன். அதுவரைக்கும் நாலு பேரும் உட்கார்ந்திருங்க."

சரிக்கா என்றான்.