மேசை தட்டும் மன்றம்

செப்டம்பர் 9

காலையில் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் வரவில்லை. மண்ணின் அமிலத்தன்மையை வாயாலேயே விளக்கிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு ஏக சந்தோஷம்.

மதியம் மேசை மேல் ஒரு கோப்பு. மாணவர் மன்றங்களின் ஒழுங்குக் குழுவுக்கு வந்த புகார். குழுவின் தலைவர் நான். தலைவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் போன் பேச வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இதுவரை செய்த ஒரே வேலை, கண்ட இடத்தில் சுவரொட்டி ஒட்டிய நாடக மன்றத்தை எச்சரித்தது.

வீட்டில் சொன்னேன். இவர் ஏதோ ஆஸ்பத்திரியில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வந்த அலுப்பில் இருந்தார். "பசங்க சமாச்சாரம்தானே? ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்பிடு" என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 11

கோப்பைப் படித்தேன். விவாத மன்றம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அங்கே 'வழக்கு' என்று ஒரு சடங்கு. ஆளை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்துவார்கள். வேண்டுமென்றே அபத்தமாக ஒரு குற்றச்சாட்டு வாசிப்பார்கள். நிறுத்தாமல் பேசி அதை மறுக்க வேண்டும். பேச்சு எங்கே நிற்கிறதோ அங்கே சுற்றியிருப்பவர்கள் மேசையைத் தட்டுவார்கள். கடைசியில் எல்லோரும் கைதட்டிச் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்த வருடம் சேர வந்தவர்களில் ஒரு முதலாண்டு மாணவி. அவளுக்குப் பேச்சு திக்கும். அவளுக்கு வாசித்த குற்றச்சாட்டு: அடுத்தவர்களின் நேரத்தைத் திருடியது.

முக்கால் மணி நேரம் மேசை தட்டியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். கேட்டால் தாளில் எழுதிக் காட்டுகிறாளாம். புகார் கொடுத்தது அவளோடு விடுதி அறையில் இருக்கும் பெண், அவள் இல்லை.

செப்டம்பர் 15

அந்த மாணவி வந்தாள். ஒல்லியான பெண், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். "எ... எனக்கு ஒண்ணும்..." என்று நின்றாள். "ஆகலையா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

சம்பந்தப்பட்டவளே ஒன்றும் ஆகவில்லை என்கிறாள். அப்புறம் எதை விசாரிப்பது?

செப்டம்பர் 16

விடைத்தாள்கள். கழுத்து வலி.

செப்டம்பர் 22

மன்றத் தலைவன் வந்தான். படிப்பது இயற்பியல், ஆனால் பல்கலைக்கழகம் முழுக்க அவனுக்கு 'வக்கீல்' என்றுதான் பெயர். பெயருக்குக் குறைவில்லாமல் பேசினான். யாரும் அவளைத் தொடவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பமில்லாவிட்டால் இறங்கிப் போயிருக்கலாம், தானும் ஒருகாலத்தில் அதே நாற்காலியில் நின்றவன். "இது எங்க குடும்ப விளையாட்டு மாதிரி, மேடம். எல்லாரையும்தான் கலாய்ப்போம். அவங்களை மட்டும் விட்டுட்டா அதுதான் அவமானம்."

அவன் போன பிறகு யோசித்தால், அதில் பாதி நியாயம் இருப்பதுபோல்தான் இருந்தது. குழுவில் இருக்கும் சட்டத்துறைக்காரர் விதியை எடுத்துக் காட்டினார். சேர வருகிறவரைச் சிறுமைப்படுத்துவது குற்றம். அவரே சம்மதித்திருந்தாலும் குற்றம். யார் தட்டினார்கள், யார் சிரித்தார்கள் என்று தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. மன்றத்தின் பேரில் நடந்ததற்கு மன்றமே பதில் சொல்ல வேண்டும்.

சம்மதம் செல்லாது என்றால் அந்தப் பெண்ணுக்கு என்ன, விவரம் தெரியாதா? எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை. அதை வைத்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

அக்டோபர் 1

இன்று விசாரணை. இப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வக்கீல் அழகாகப் பேசி முடித்தான். குழுவில் இருக்கும் அலுவலக அதிகாரியே லேசாகத் தலையாட்டினார். மன்றத்தின் சார்பில் வேறு யாராவது பேசுகிறீர்களா என்று ஒப்புக்குக் கேட்டேன். மன்றச் செயலாளர் எழுந்தாள். மூன்றாமாண்டு மாணவி, அதுவரை அவன் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள்.

"நான் மன்றத்துக்கு எதிரா பேசணும், மேடம்."

வக்கீல் சிரித்தான். விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பான்.

அவர்கள் மன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பக்கம் பேசுவது என்று யாரும் தானாகத் தேர்ந்துகொள்ளக் கூடாது. சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். விழுந்த பக்கத்துக்கு உயிரைக் கொடுத்துப் பேச வேண்டும். முடிந்ததும் உதறிவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும். இந்த விசாரணைக்கும் அப்படியே ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். இவர்களைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்?

"எனக்கு எதிர்த்தரப்பு விழுந்துச்சு. ஜெயிக்கணும்னுதான் தயார் பண்ணேன். அந்தக் குற்றச்சாட்டை எழுதினது யாருன்னு முதல்ல கேக்கணும்னு குறிச்சு வச்சேன். அப்பதான் உறைச்சுது, எழுதினதே நான்தான்னு" என்றாள். "சிரிப்பு வரணும்னு எழுதினேன். வந்துச்சு. அவங்களும் சிரிச்சாங்க. அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டோம். நாற்காலி மேல நிக்கறவங்க சிரிக்காம வேற என்ன செய்வாங்க? ஒத்திகை முடிஞ்சதும் இவன் நல்லா பேசினேன்னு பாராட்டினான். முடிஞ்சதும் உதறிட்டுப் பக்கம் மாறணும், அது எங்க பழக்கம். என்னால மாற முடியல."

 வக்கீல் வாயடைத்து நான் பார்த்தது இன்றுதான்.

அக்டோபர் 3

சட்டத்துறைக்காரருக்கு மன்றத்தைக் கலைக்க வேண்டும். அதிகாரிக்கு எச்சரிக்கை போதும். நான் நடுவில் புகுந்து ஒரு வருடத் தடை என்று எழுதினேன். அறைக்குப் பூட்டு. மன்றத்தின் பெயரிலோ வேறு பெயரிலோ கூடக் கூடாது. கூடினால் நிரந்தரமாகக் கலைக்கப்படும். கலந்துகொண்ட ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும்.

வாசித்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்டோபர் 10

அந்த முதலாண்டுப் பெண் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நா... நாற்காலி மேல நின்னது நான், மேடம். என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. ஒண்ணும் ஆகலன்னு நீதானேம்மா சொன்ன?"

"நான் சொல்லி மு... முடிக்கல. நீங்க முடிச்சீங்க."

அன்றைக்கு அவள் சொல்ல வந்தது, 'எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா மன்றத்துக்குத் திரும்பிப் போகணும்' என்பது. தட்டுவதைத்தான் நிறுத்தச் சொல்ல நினைத்தாளாம், மன்றத்தை இல்லை. பேசப் பழக வேண்டும் என்று தேடித் தேடிச் சேர்ந்த இடம் அது. இப்போது நடைபாதையில் எல்லோரும் அவளைக் காட்டி, மன்றத்தை மூடவைத்தவள் என்கிறார்களாம். அவள் பெயரில் நாங்கள் நியாயம் வழங்கியிருக்கிறோம், அவளைத் தவிர எல்லோரையும் கேட்டுவிட்டு.

பதிவாளருக்குப் போய்விட்ட தீர்ப்பை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். நிஜம்தான், இல்லை. ஆனா அதைச் சொல்லும்போது எனக்கே என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல. என்னத்தச் சொல்ல?

நவம்பர் 18

ஆய்வுக்கூடக் குழாய் மறுபடி. இவரே வந்து பார்த்துவிட்டு, லிஃப்டுக்கும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாத பல்கலைக்கழகம் என்று திட்டிவிட்டுப் போனார். சரியாகவில்லை.

ஜனவரி 20

காவலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் வியாழன் மாலைகளில் சில மாணவர்கள் கூடி ஏதோ வாக்குவாதம் செய்கிறார்களாம், அடிதடி இல்லையாம். நேரில் பார்த்து அறிக்கை தரும்படி பதிவாளர் எனக்கு அனுப்பியிருக்கிறார்.

ஜனவரி 22

போனேன். ஏழு பேர், துருப்பிடித்த சைக்கிள்களுக்கு நடுவே. வக்கீல் இல்லை. அவனைக் கூப்பிடவில்லையாம். செயலாளர் இருந்தாள். அந்த முதலாண்டுப் பெண்ணும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"மன்றம் இல்ல மேடம்" என்றாள் செயலாளர். "பேரு கிடையாது, தலைவர் கிடையாது. சும்மா பேசிட்டிருக்கோம்."

"சும்மா பேசறவங்க கையில சீட்டு எதுக்கு?"

 முதலாண்டுச் சின்னவள் சொன்னாள்: "இன்னிக்கு ஒரு ஆள் கு... குறையுது, மேடம்."

"நான் உங்களைப் பிடிக்க வந்திருக்கேன்."

"பே... பேசிட்டுப் பிடிங்க."

அங்கிருந்து நேரே பதிவாளரிடம் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? அக்டோபரிலிருந்து அவள் முகத்துக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருந்தேன், அதனால்தான். சீட்டை எடுத்தேன்.

தலைப்பு, நூலகத்தில் தூங்க அனுமதிக்கலாமா. எனக்குக் கூடாது என்ற பக்கம். காலமெல்லாம் வகுப்பில் தூங்குகிறவர்களை எழுப்பியே பிழைப்பு நடத்துகிறவள்; அல்வா மாதிரி தலைப்பு என்று நினைத்து வெளுத்து வாங்கினேன். மறுத்துப் பேச அவள் எழுந்தாள். ஒரு சொல்லில் நின்றாள். எல்லோரும் சும்மா இருந்தார்கள். ஒருவன் சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது என்ன சொல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் வந்தது நான் நினைத்த சொல்லே இல்லை.

"தூங்கறவங்க யா... யாரையும் தொந்தரவு பண்றதில்ல. முழிச்சிருக்கறவங்கதான் பண்றாங்க" என்று முடித்தாள். ஏழு பேரும் அவள் பக்கம் கை தூக்கினார்கள். என் கட்சிக்காரர்கள் உட்பட.

ஜனவரி 23

அறிக்கை எழுதினேன். கூடினார்கள் என்று எழுதினேன். பொய் எழுத வராது. கலந்துகொண்டவர்கள் என்ற இடத்தில் ஏழு பேரோடு என் பெயரையும் சேர்த்தேன்.

சட்டத்துறைக்காரர் போன் செய்தார். "பார்வையிடப் போனதா எழுதுங்க மேடம், யாரும் கேக்கப்போறதில்ல" என்றார். நல்ல மனிதர். நான் பேசினேனே சார் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

இவருக்குக் கவலை. "பதவி உயர்வு வர்ற நேரத்துல இது தேவையா?" என்றார். தேவை இல்லைதான். எனக்கும் பயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஏழு பேர் மட்டும் பதில் சொல்ல, நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்பது என்பது நடக்காது.

பிப்ரவரி 5

விசாரணை. அதே அறை. தலைவர் நாற்காலியில் சட்டத்துறைக்காரர். நான் எதிர்ப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கிறது. இத்தனை பேரை இங்கே உட்காரவைத்து மிரட்டியிருக்கிறேன், ஒரு திரை போடச் சொல்லத் தோன்றவில்லை.

"அங்கே நீங்கள் பேசினீர்களா?"

"பேசினேன். தோத்துட்டேன்."

அதிகாரி இருமினார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன்.

மாணவர்கள் சார்பில் யார் பேசுவது என்று கேட்டார்கள். செயலாளர் எழுவாள் என்று பார்த்தால், எழுந்தது சின்னவள். "நாங்க கூ... கூ..." என்று நின்றாள். "கூடியது தப்புதான் என்கிறாயா?" என்றார் சட்டத்துறைக்காரர், உதவி செய்கிற குரலில். அவரைத் தடுக்க எனக்கு இப்போது அதிகாரம் கிடையாது.

அவளே தடுத்தாள். கையை லேசாக உயர்த்தி, "நா... நானே சொல்றேன், சார்" என்றாள்.

சொன்னாள். விதி தெரிந்தேதான் கூடினார்களாம். தண்டனை கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். ஆனால் நாங்கள் பேச ஓர் இடத்தையும் கொடுங்கள். நெடுநேரம் ஆயிற்று. வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 12

முடிவு வந்துவிட்டது. விவாத மன்றம் நிரந்தரமாகக் கலைக்கப்படுகிறது. என் வாசகம்தான், வரிக்கு வரி. ஏழு பேருக்கும் எச்சரிக்கை. எனக்குக் கண்டனக் கடிதம், குழுவிலிருந்து விலக்கம். பதவி உயர்வு இந்த வருடம் கிடையாது. புதிய மன்றம் வேண்டுமென்றால் முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

மாலையில் வக்கீல் வந்தான். மன்ற அறையிலிருந்த, அவர்கள் போட்டிகளில் ஜெயித்த கோப்பைகள் எங்கே போகும் என்று மட்டும் கேட்டான். தெரியவில்லை என்றேன். வாதாடாமல் போய்விட்டான். பாவமாக இருந்தது.

மார்ச் 9

சின்னவள் விண்ணப்பத்தோடு வந்தாள். சட்டத்துறைக்காரர் சும்மா விடுவாரா? புது நிபந்தனை ஒன்று சேர்த்திருக்கிறார்: பொறுப்பாசிரியர் ஒருவர் வேண்டும், மன்றத்தில் எது நடந்தாலும் முதல் நடவடிக்கை அவர் மீது.

"எத்தனை பேரைக் கேட்ட?"

"எ... எல்லாரையும் கேட்டாச்சு. நீங்கதான் கடைசி."

உறுப்பினர்களில் அவளுக்கு அடுத்ததாகச் செயலாளரின் பெயர். இவளையுமா என்று கேட்டேன். "அவ்ளோ ந... நல்லா திட்டத் தெரிஞ்சவங்க, மேடம். விட முடியுமா?" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமைகளில் என் ஆய்வுக்கூடம். இனி அங்கே யாருக்காவது மனசு நொந்தால் முதல் கடிதம் எனக்குத்தான் வரும். இதை இரவு சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்.

"வரட்டும்" என்றார். "இத்தனை நாளா ஊருக்கெல்லாம் கடிதம் நீதானே அனுப்பிட்டிருந்த."