போலந்துக்காரியின் மடியில் மன்மதன்

அக்கரப்பத்தனை,
தை மாதக் கடைசி.

அன்பு நண்பன் மதுரனுக்கு,

காமன் கூத்தில் உன் ரதியாக ஆடும் சுதாகரன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். ஜெர்மனிக் குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? காகிதத்தில் எழுதுகிறானே என்று சிரிக்காதே. வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் என் குரல் ஏற்கெனவே உன்னிடம் தேவைக்கு மேல் இருக்கிறது.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, கொழுந்து பறிக்க மலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். பனியில் கொழுந்து கருகியதால் எல்லோருக்கும் வேலை குறைவு.

நீ அனுப்பிய வீடியோவை என் வீட்டுக்காரி பூரணியும் நானும் பார்த்தோம். ஆடுகிறவர்களும் சத்தங்களைப் பதிந்து வேலை செய்கிறவர்களும் மாதக்கணக்கில் தங்க இப்படி ஒரு ஸ்டூடியோவைச் சும்மா கொடுக்கிறார்கள் என்றால் நம்ப முடியவில்லை. பலகைத் தரை, பெரிய ஜன்னல், மூலைக்கு மூலை ஸ்பீக்கர். சந்தோஷப்பட்டேன். பிறகு அந்தப் போலந்துக்காரி வந்தாள்.

மன்மதனாக நீ எரிந்து விழுகிறாய், ரதி அழுகிறாள். ஆடுவது அவள், குரல் என்னுடையது. தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம் கேட்காமல் இருக்க, எங்கள் லயத்துக் காம்பராவில் நீயும் நானும் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிந்த ஒப்பாரி அது. ஸ்டூடியோ விண்ணப்பத்தோடு அனுப்பத்தான் என்று சொன்னாய். அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் உன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். ரதி தொடக்கூடாது, எட்ட நின்றுதான் அழ வேண்டும் என்று மாயாண்டி மாஸ்டர் நமக்குச் சொன்னது மறந்துவிட்டதா? இத்தனை மாசியிலும் உன் நெற்றியில் ஒட்டிய சாம்பலைக்கூட நான் துடைத்ததில்லை. அவளுக்குக் கிரீடம் இல்லை, ஒட்டியாணம் இல்லை, ஒரு கறுப்புப் பனியன். ஆனாலும் நன்றாகத்தான் ஆடுகிறாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பூரணி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் அம்மா வீட்டுக்குப் போனப்பகூட நீங்க இப்புடி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டது இல்லயே என்று கேட்டாள். நான் எழுந்து ஃபேக்டரிக்குப் போய்விட்டேன்.

இன்னொரு விஷயம். அந்த ஸ்டூடியோவில் இன்னும் சில மாதம் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். அம்மாவிடம் சொன்ன நீ என்னிடம் சொல்லவில்லை. குழாயடியில் வைத்து அவர்தான் சொன்னார். மாசிப் பிறை கண்டதும் கம்பம் ஊன்றி ரதிக்கும் மன்மதனுக்கும் காப்புக் கட்ட வேண்டும். நீ வராவிட்டால் தோட்டத்து மேல்பிரிவு யோகநாதனை மன்மதனாக்கலாம் என்கிறார் மாஸ்டர். நேற்று அவனோடு ஆடிப் பார்த்தேன். நல்ல கால், உன்னைவிட உயரம். உனக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் அவன் எரிந்து விழுந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. மாஸ்டர் தப்பு அடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

உயிர்த்தெழுந்த மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்பது சிவன் கொடுத்த வரம். நீ இப்போது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிகிறாய், எனக்குத்தான் தெரிவதில்லை.

அங்கே இருந்தால் நீ பெரிய ஆளாவாய் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன், பிறை தெரிவதற்குள் வந்துவிடு. யோகநாதன் விஷயத்தில் மாஸ்டருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வர முடியாவிட்டால் எங்கே இருந்தாலும் நன்றாக இரு. அந்த ஒப்பாரியை மட்டும் இனி அவளுக்குப் போடாதே. அது உன்னைப் பார்த்து நான் அழுதது.

இப்படிக்கு,
காப்புக் கட்டக் கையை நீட்டாமல் காத்திருக்கும்
சுதாகரன்