அப்பாவின் வலது பாதம்

அன்பு மகள் கார்லாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முதல் வரியிலேயே பொய் வேண்டாமென்று நிறுத்திக்கொண்டேன். நான் நலம். அப்பா நலமா என்பது எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர் சொல்லமாட்டேன் என்கிறார். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஆரிகன் மாநிலத்து மழையில் சளி பிடிக்காமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இங்கே மக்காச்சோளம் அறுத்து ஏற்றியாயிற்று, மழைக்கு முன்னால் முடிந்ததற்கு ஸ்தோத்திரம்.

அப்பாவின் இடுப்புவலி உனக்குப் புதிதல்ல. இந்தக் கோடையில் அது கூடிப்போய் டீட்ஸிடம் போக ஆரம்பித்தார், முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் முதுகெலும்பை நெட்டி முறித்துச் சரிசெய்கிறாரே, அவர்தான். பலகையில் டாக்டர் என்று போட்டிருக்கிறது, நான் மிஸ்டர் டீட்ஸ் என்றுதான் கூப்பிடுகிறேன். இடுப்பு பிடித்தவர்களை மாடிப்படி ஏறவைக்கிற வைத்தியம் என்ன வைத்தியம் என்று எனக்கு முதல் நாளே மனசுக்குள் ஓடியது. அப்பாவுக்கு வலது கால் குட்டை என்று சொல்லி ஷூவுக்குள் ஒரு தோல் துண்டு வைத்துக் கொடுத்தார். அது இருப்பது ஆலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற நல்ல ஜோடியில். மாட்டுக்கொட்டகைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸில் ஒன்றும் கிடையாது. அப்படியென்றால் கர்த்தருடைய நாளில் மட்டும்தான் கால் குட்டையா என்று கேட்டேன், “உனக்கு எல்லாத்துலயும் கணக்குப் பாக்கணும், எர்மா” என்றார். ஃப்ரீடா சித்தியைக் கேட்டால், டீட்ஸ் கணக்குப்படி அவளுக்கும் வலது கால்தான் குட்டையாம். இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறோம் போலிருக்கிறது. ஆனாலும் நியாயமாகச் சொல்லவேண்டும், அந்த மேஜையில் படுத்து எழுந்து வந்தால் இரண்டு நாளைக்கு அப்பா தானே குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொள்கிறார், நானே பார்த்தேன். மூன்றாம் நாள் பழைய கதை. வீட்டு வைத்தியப் புத்தகத்தில் நடப்பதும் வேலைசெய்வதுமே பாதி மருந்து என்று போட்டிருக்கிறது, அதைச் சொன்னால் காதில் ஏறவில்லை.

என் சந்தேகமெல்லாம் டீட்ஸ் மேல்தான் இருந்தது, அதனால் வேறொன்றைக் கவனிக்காமல் விட்டேன். அறுவடை ஸ்தோத்திர ஆராதனையன்று திருவிருந்து வாங்கி எழுந்தபோது அப்பா பீடத்தின் படியில் இடறினார். கம்பளம் மடிந்திருந்தது என்றார். கம்பளம் மடியவில்லை, அதைத் தைத்துப் போட்டதே எங்கள் பெண்கள் சங்கம். அப்புறம் வீட்டில் செருப்பு ஒன்று காலிலிருந்து கழன்று நடைவழியிலேயே கிடக்கிறது, மனுஷர் கழன்றது தெரியாமல் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நானும் கூடவே வருகிறேன் என்று போன செவ்வாய்க்கிழமை டீட்ஸிடம் கிளம்பினேன், அந்த ஆள் என்ன செய்கிறார் என்று கண்டுபிடிக்கத்தான் போனேன். முன்னால் ஏறிப்போன அப்பாவின் ஒரு கால் மட்டும் படியில் டப் டப்பென்று அறைந்துகொண்டே போனது.

டீட்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே “எப்படி இருக்கு ஆல்வின்?” என்று கேட்டார். “குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல” என்றார் அப்பா. “கால்ல மரத்துப்போறது, பலம் கொறையறது, ஏதாவது?” “பரவாயில்ல.” ஆலய வாசலில் போதகர் கைகுலுக்கி விசாரிக்கும்போது அப்பா சொல்கிற அதே பதில். நம் ஆட்கள் எலும்பு முறிந்து கிடந்தாலும் அதைத்தானே சொல்வார்கள், டீட்ஸும் நம் ஆள்தான், அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிடுவார். மேஜையைத் தாழ்த்தவும் தொடங்கிவிட்டார். நான் மூலையில் உட்கார்ந்தபடியே “செருப்பு கழண்டு விழுந்தாக்கூட அவருக்குத் தெரியல, மிஸ்டர் டீட்ஸ்” என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுதமுடியாது. டீட்ஸ் அவரைப் பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் மட்டும் நிற்கச் சொன்னார். இடது பாதம் தூக்கியது, வலது பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. உடனே மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டார். “இன்னைக்கு நான் உங்களைத் தொடமாட்டேன். நரம்பு அமுங்கியிருக்கு, ஆஸ்பத்திரில காட்டுங்க. தள்ளிப்போட்டா அந்தக் கால்ல பலம் திரும்பாமலே போகலாம்” என்றார். பணமும் வாங்கவில்லை. அது ஒன்றுக்காக அவரை இனி டாக்டர் என்றே கூப்பிடலாம், ஆனால் கோடை முழுக்க ஏன் ஒருநாளும் குதிகாலில் நிறுத்திப் பார்க்கவில்லை என்பதை நான் விடப்போவதில்லை.

இப்போது என் சந்தேகம் உன் அப்பா மேல். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கினோம், கிளம்புகிற நேரத்தில் சிவப்புக் கிடாரி கன்று போடப்போகிறது, நீ வீட்டில் இரு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். கிடாரி நாள் முழுக்க நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு நின்றது. இருட்டும் வேளைக்குத் திரும்பிவந்து “பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க” என்றார். எந்த டாக்டர் என்று கேட்டால் உயரமான ஆள் என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் கோட்டில் மாட்டு ஏலக்கொட்டகையின் சுருட்டு வாசனை ஏன் வருகிறது? அறுவை சிகிச்சை என்று சொல்லிவிடுவார்கள், மாடுகளை விற்கவேண்டி வரும் என்று பயப்படுகிறார். அவர் பயம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் கால் போனபிறகு மாடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

என்னிடம் பிடிகொடுக்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் போன் செய். கேள்வி எதுவும் கேட்காதே. குழந்தை குதிகாலில் நடக்கப் பழகுகிறது, நீங்களும் நில்லுங்கள் பார்க்கலாம் என்று விளையாட்டாகச் சொல். சமையலறைச் சுவரில்தானே போன் இருக்கிறது, நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு கீழே அவர் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வலது பாதம் தூக்காவிட்டால் திங்கட்கிழமை காலை காரை நானே ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன், பால் கறக்க ஃப்ரீடாவின் மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான், அது அப்பாவுக்குத் தெரியாது.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பேத்திக்கு என் முத்தம். இந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் மூச்சுவிடாதே. அவர் குதிகாலில் நின்றுவிட்டதாகச் சொன்னால் நம்பாதே, நான் போனை வாங்கிச் சொல்லும்வரை பேச்சை நிறுத்தாமல் பிடித்துவை.

உன் அம்மா
எர்மா