மின்விசிறி நிற்கும் வரை

என் ஜெனி,

உனக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் தமிழில் எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்கட்டும். நீ மட்டும் கொஞ்ச நேரம் படிக்காதே.

நம் தொடர் வந்துவிட்டது. எட்டுப் பகுதிகள். எழுத்து என்று டைட்டிலில் இரண்டு பெயர்கள். முதலில் கம்பெனியின் கிரியேட்டிவ் ஹெட். அடுத்து நான். கடைசிப் பகுதியிலாவது உன் பெயர் வரும் என்று காத்திருந்ததாகச் சொன்னால் அது பொய். வராது என்று எனக்கு முன்பே தெரியும்.

டெங்கு. ஐந்தே நாளில் நீ போய்விட்டாய். அடுத்த வாரம் உன் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள். நானும் எடுக்கச் சொல்லவில்லை.

டைட்டிலில் உன் பெயர் வர வேண்டும் என்று உன் அம்மா எழுத்தாளர் சங்கத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். உன் உறுப்பினர் அட்டையின் நகலை இணைத்து. சங்கத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. நம் இருவரின் எல்லா வரைவுகளையும் அனுப்ப வேண்டும், இன்று மாலை ஐந்து மணிக்குள். பெயர்களை எடுத்துவிட்டு, மேலே உன்னுடையதில் ‘எழுத்தாளர் அ’, என்னுடையதில் ‘எழுத்தாளர் ஆ’ என்று மட்டும். நம்மை அறியாத மூன்று உறுப்பினர்கள் படித்து, தொடரில் வந்ததில் எது யார் எழுதியது என்று சொல்வார்கள்.

இந்த வழக்கத்தை நீ எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாய். ஞாபகம் இருக்கிறதா? கரோல் பாக் மெட்ரோ படிகளில், சங்கத்தின் பழைய மலர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு.

“ஏட்டி, அந்தக் காலத்துல ஸ்டுடியோல எழுதுறவங்கள முன்ஷின்னுதான் கூப்பிடுவாங்களாம், கணக்குப்பிள்ளைய கூப்பிடுற மாதிரி. மாசச் சம்பளம். டைட்டில்ல பேரு கெடையாது. கேட்டுல நிக்கிற வாட்ச்மேனுக்குக்கூட அவங்க யாருன்னு தெரியாதாம்.”

“இப்ப மட்டும் தெரியுதா?”

“அதுக்குத்தானே சங்கம். பேருக்காகச் சண்ட போட்டு ஆரம்பிச்சாங்க. ஆனா தகராறு வந்தா பேர எடுத்துட்டுத்தான் படிக்காங்க. காமெடியா இல்ல? நீயும் ஜல்தி சேரு.”

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றேன். நீ சிரித்தாய். டர்போக் என்றாய். பயந்தாங்கொள்ளி. இந்தியில் திட்டினால் வலிக்காது என்று நினைத்திருப்பாய். அன்றிலிருந்து அதுவே என் பெயர் ஆனது. நான் சேரவில்லை.

இப்போது தொடரில் வரும் அந்தக் காட்சி. சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பு. ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி வீட்டைக் காலி செய்கிறாள். சாவி வாங்க ஆள் வந்துவிட்டான். அவள் மின்விசிறியை அணைக்கிறாள். அது சுற்றி, தளர்ந்து, முழுதாக நிற்கும் வரை கீழே நின்று பார்க்கிறாள். பிறகு சாவியைக் கொடுக்கிறாள். வசனம் இல்லை.

எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் பேசுகிறார்கள், ஜெனி.

நீ போய் இரண்டு வாரம் கழித்து, எடிட்டிங்கில் கிரியேட்டிவ் ஹெட் கேட்டார். “அந்த ஃபேன் சீன் உன்னோடதுதானே?” நான் தலையசைத்தேன். தலையை மட்டும். வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று இன்னமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று அவர் போன் செய்தார். “சங்கத்துக்கெல்லாம் பதில் போடாத. நாங்க பாத்துக்கறோம். அந்த மாதிரி சீன் எழுதற ஆளு எனக்கு வேணும். அடுத்த சீசன் உனக்குத்தான், அச்சா?” அன்பாகத்தான் பேசினார். எனக்குத்தான் பயம்.

எனக்கு எதில் பயம் என்று நினைக்கிறாய்? வேலை போவதிலா? ஆமாம், அதிலும்தான். இந்த ஊரில் நம்மைப் போல எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர். ஒரு கதவு மூடினால் மற்ற கதவுகளுக்கும் அது கேட்கும்.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. இன்று காலை இரண்டு வரைவுகளையும் அருகருகே திறந்து வைத்தேன். உன்னுடையதில் அந்தக் காட்சி ஒரு பக்கம். என்னுடையதில் அதே இடத்தில் ஒரே வரி: ‘வீட்டைக் காலி செய்கிறார்கள்.’ தொடர்ந்து படித்தேன். இன்னும் பல இடங்கள் அப்படித்தான். பெயர்களை எடுத்துவிட்டால் நான் எங்கே இருக்கிறேன்? முகம் தெரியாத மூன்று பேர். ‘அ’ யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ‘ஆ’ எழுதியது எவ்வளவு கொஞ்சம் என்பது மட்டும் தெரிந்துவிடும்.

அந்த ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு அனுப்பலாம். நீக்கியும் பார்த்தேன். மிச்சமே போதும், உன் பெயர் வந்துவிடும். காட்சி என்னிடம் இருக்கும். யாருக்கு நஷ்டம்?

அப்போதுதான் உன் அம்மாவின் போன். பெற்ற பிள்ளையைப் போல என்னையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார்.

“மக்களே, அனுப்பியாச்சா?”

“அனுப்பறேன்ம்மா.”

“டைட்டில்ல அவ பேர ஒரு வாட்டி பாத்தாப் போதும் எனக்கு.” பிறகு கேட்டார். “அந்த ஃபேன் நிக்குத இடம். அது நானாக்கும். பாத்ததும் மனசிலாச்சு. நீ எழுதினதுன்னு சொன்னாவ. அது எப்படி மக்களே உனக்குத் தெரியும்?”

திறந்திருந்த உன் வரைவை மூடினேன்.

“ஜெனி சொல்லியிருப்பா, என்னா?”

“ஆமாம்மா.”

எனக்குத் தப்பிக்க வழியும் அவரே கொடுத்தார், பார். நான் அதில் நுழைந்தும் விட்டேன். ஆனால் நீ எனக்கு அதைச் சொன்னதே இல்லை, ஜெனி. உன் பக்கத்தில்தான் முதலில் படித்தேன். அது உன் வீடு என்றுகூடத் தெரியாமல், “ரொம்ப நீளம், வெட்டலாமா?” என்று கேட்டேன். நீ முடியாது என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

நீக்கிய பக்கத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டேன். மணி நாலேகால். தைரியம் வந்த பிறகு அனுப்பலாம் என்று இருந்தால் ஐந்து மணி தாண்டிவிடும்.

ஐந்துக்குள் அனுப்பிவிடுவேன், எல்லாப் பக்கங்களையும். கிரியேட்டிவ் ஹெட்டிடம் தலையசைத்ததையும் கீழே எழுதி. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா சர்ச்சிலிருந்து வெளியே வரும்போது வாசலில் நிற்பேன். அவர் கேட்டதற்கு நேரில் பதில் சொல்வேன். அதன் பிறகும் அவர் என்னை மக்களே என்பாரா? தெரியவில்லை. வாக்குக் கொடுக்கிறேன், நிற்பேன்.

உன் டர்போக்,
எழுத்தாளர் ஆ