பெரியம்மாவின் வகுப்பு

அக்காவுக்கு,

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் உங்கள் கல்லூரியில் இடம் தருவதைப் பற்றிய கூட்டத்தில் நீ பேசியது என் காதுக்கு வந்தது. "காலேஜைக் கேலிக்கூத்தாக்காதீங்க"ன்னு சொன்னாயாம். என் மகளைக் கொஞ்சிய அதே வாய்.

உன்னை மீறி அந்தப் பிள்ளைகளுக்கான படிப்பு தொடங்கிவிட்டது. இவளும் நேர்காணலில் தேறிவிட்டாள். மற்ற மாணவர்களோடு உட்கார ஏதாவது ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

"பெரியம்மாவோட ஹிஸ்டரி கிளாஸ்தான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். தடுத்திருக்கலாம். உன் முகம் போகும் போக்கை நினைத்துப் பார்த்தேன். தடுக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை முதல் பெஞ்சில் இருப்பாள். புரியாவிட்டால் கையைத் தூக்கு, புரியும்வரை இறக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கு இப்படியொரு தங்கை மகள் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாதாமே? எல்லார் முன்னாலும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். மிஸ் என்று கூப்பிட நான் சொல்லித்தரவில்லை.

உன் தங்கை