காய்ச்சி அனுப்பிய தண்ணீர்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால் அதுவே எனக்குத் தெம்பு. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பின்கட்டுக் கதவு மழையில் ஊறிச் சாத்த வராமல் படுத்துகிறது, அப்பா இருந்தால் இழைத்துவிடுவார் என்று தினமும் ஒரு தடவை நினைத்துக்கொண்டு தோளால் முட்டிச் சாத்துகிறேன்.

அன்றைக்கு நீ போனில், தெருவில் எல்லாக் கிணற்றிலும் சாக்கடைக் கிருமி இருக்கும்போது நம் கிணறு மட்டும் என் சோதனையில் எப்படிம்மா சுத்தமாக வந்தது, அப்பா தண்ணீரை ஏதாவது செய்தாரா என்று கேட்டாய். அடுப்பில் பால் என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். செய்தார்டி. இறைத்ததை அப்படியே ஊற்றச் சொல்லி உன் ஆய்வுக்கூடத் தோழி புட்டியைக் கொடுத்துவிட்டுப் போவாள், இவரும் பலமாகத் தலையாட்டுவார். அவள் தெருமுனை திரும்பியதும் வேட்டித் துணியில் வடிகட்டி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றுவார். எதுக்குங்க இதெல்லாம் என்றால், புள்ள கைல படுற தண்ணி, குப்பையும் தூசியுமாவா அனுப்புறது என்பார். அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல்தான் நினைத்தேன்.

நீ சுத்தம் என்று சொன்ன அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியாது. என் மகளே சோதிச்சு சொல்லிட்டா, இதை பாட்டில்ல அடைச்சு விக்கலாம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். தையல்காரர், உங்க கிணத்த மட்டும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுறீங்களா அண்ணே என்று கிண்டல் செய்தார். அவர்கள் வீட்டிலெல்லாம் காய்ச்சிக் குடித்தார்கள். உன் அப்பா வாளியிலிருந்து அப்படியே மொண்டு குடித்தார். போன மழைக்காலத்தில் காமாலை வந்தபோதும் மருத்துவரிடம், எங்க தண்ணில ஒண்ணும் இல்லீங்க, மக பாத்துட்டா என்றுதான் கடைசி மூச்சுவரை சொன்னார்.

இப்போது நீ அந்தத் திறந்த அறிவியல் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே போவதில்லை என்கிறாயாம், உன் தோழி சொன்னாள். சேகரித்த கணக்கையெல்லாம், நடந்த பிழை உட்பட, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவில் வைக்கச் சொல்கிறார்களாமே. அப்பா பெயர் கெடும் என்று நம் வீட்டை மட்டும் விட்டுவிடவும் உனக்கு மனசு வரவில்லை, வைக்கவும் வரவில்லை. நான்தான் அவரைக் கொன்றேன் என்று அவளிடம் அழுதாயாம். அந்த வார்த்தையை இனி எடுக்காதே. உனக்கு வந்த தண்ணீரில் எதுவும் இல்லை, இல்லை என்று சொன்னாய், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், நம் கிணற்றையும் வை. பிழை என்றே எழுது, பூசி மெழுகாதே. இன்னொரு ஊரில் இன்னொரு தகப்பன் மகளுக்காக அடுப்பைப் பற்றவைப்பதற்குள், புட்டியைக் கொடுக்கிறவர்கள் கூடவே நின்று வாங்கிப் போகட்டும். ஏன் காய்ச்சினார் என்று எழுத ஒரு வரி இடம் கொடுத்தால் எழுது, இல்லாவிட்டால் பரவாயில்லை, அது நமக்குத் தெரியும்.

நேற்று உன் தோழியைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு நானே இறைத்து, ஒரு சருகுத் துணுக்கோடு அப்படியே ஊற்றிக் கொடுத்தேன். கை தானாக அடுப்புப் பக்கம் போயிற்று. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் அழுதோம்.

விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடு. நீ நன்றாக இருப்பாய், அப்பாவின் ஆசியும் சேர்த்து நானே சொல்கிறேன். குளிரில் காதை மூடிக்கொள். குழாய்த் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், யார் என்ன சொன்னாலும், காய்ச்சிக் குடி.

உன் அம்மா